நவீன கூடைப்பந்து அட்டைகளின் மதிப்பை அறிவது எப்படி? புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

கூடைப்பந்து ஆட்டக்காரர் லூக்கா டான்சிச், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியமைப்பான என்பிஏ-வில் காலடி வைத்த 2018-19 பருவத்தில் பனினி நிறுவனம் வெளியிட்ட பிரிஸ்ம் என்ற சேகரிப்பு அட்டைத் தொகுப்பில் அவருடைய அட்டையின் எண் 280. அந்த ஒரே எண்ணில், ஒரே படத்தோடு, சாதாரண அட்டையும் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்தால் வானவில்லாக மின்னும் வெள்ளி அட்டையும் இருக்கிறது. 299 மட்டும் அச்சான சிவப்பு, 199 மட்டும் அச்சான நீலம், 10 மட்டும் அச்சான தங்கம், உலகிலேயே ஒன்றே ஒன்றான கறுப்பு என்று அந்த வரிசை நீள்கிறது. சாதாரண அட்டைக்கும் தங்க அட்டைக்கும் இடையே விலையில் பல நூறு மடங்கு வேறுபாடு உண்டு. செய்தியில் ஓர் அட்டை பெருந்தொகைக்கு விற்றதைப் படித்துவிட்டுத் தன்னிடம் உள்ளதும் அதுதான் என்று மகிழ்ந்துபோகும் புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆகவே தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓர் அட்டையின் மதிப்பு என்பது விற்பவர் எழுதி ஒட்டியிருக்கும் விலையும் அன்று, ஆண்டுதோறும் வெளியாகும் விலைப்பட்டியல் சொல்லும் தொகையும் அன்று. அதே ஆண்டின், அதே தொகுப்பின், அதே வகையான, அதே நிலையில் உள்ள அட்டைக்கு அண்மையில் ஒருவர் உண்மையில் கொடுத்த பணமே அதன் மதிப்பு. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் வரும் 'அதே' என்ற சொல்லை நான்கு முறையும் உறுதிசெய்துகொள்வதற்காகவே.

முதல் படி: அட்டையின் பின்புறத்தைப் படித்தல்

முன்புறத்துப் படத்தில் மயங்காமல் அட்டையைத் திருப்புங்கள். பிரிஸ்ம் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்புறத்தில் அட்டை எண் இருக்கும். வெள்ளி முதலான சிறப்பு வகைகளில் பின்புறத்தில் 'பிரிஸ்ம்' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். சாதாரண அட்டையில் அது இராது. சாதாரண அட்டையும் ஓரளவு பளபளப்பாகவே இருப்பதால், புகைப்படத்தை மட்டும் பார்த்து வெள்ளியா சாதாரணமா என்று தடுமாறுவோருக்கு இந்தச் சிறு சொல்லே தீர்ப்பு. இணையத்தில் வாங்கும்போது பின்புறப் படத்தையும் அனுப்புமாறு கேட்பதற்கு இதுவே போதிய காரணம்.

வரிசை எண் உள்ள அட்டையில் 47/199 என்பதுபோல இரண்டு எண்கள் முத்திரையிடப்பட்டிருக்கும். வலப்பக்க எண் மொத்தம் எத்தனை அச்சாயின என்பதைச் சொல்கிறது. இடப்பக்க எண் இது அவற்றுள் எத்தனையாவது என்பதைச் சொல்கிறது. இடப்பக்க எண் ஆட்டக்காரரின் சீருடை எண்ணாக அமைந்துவிட்டால் அதற்குக் கூடுதல் விலை தருவோர் உண்டு. மற்றபடி 12/199 என்பதும் 180/199 என்பதும் ஒன்றே.

அடுத்து, இது அந்த ஆட்டக்காரரின் ரூக்கி அட்டைதானா என்று பாருங்கள். ரூக்கி அட்டை என்பது ஓர் ஆட்டக்காரர் என்பிஏ-வில் ஆடிய முதல் பருவத்தின் அட்டை. நவீன அட்டைகளில் அதற்கென ஒரு சிறு சின்னம் முன்புறத்தில் இருக்கும். ஒருவருடைய அட்டைகளில் நீண்ட காலம் மதிப்பைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் இந்த முதலாண்டு அட்டையே. இங்கே ஒரு பொறி இருக்கிறது: 'பிரிஸ்ம் டிராஃப்ட் பிக்ஸ்' என்ற தொகுப்பில் ஆட்டக்காரர்கள் கல்லூரிச் சீருடையில் இருப்பார்கள். பெயரிலும் தோற்றத்திலும் அது பிரிஸ்மைப் போலவே இருக்கும். விலையோ அதில் ஒரு சிறு பங்குதான். என்பிஏ அணியின் சீருடையில் இருக்கும் அட்டையைத்தான் சந்தை முதன்மையாகக் கருதுகிறது.

இரண்டாம் படி: யார், எந்தத் தொகுப்பில் அச்சிட்டார்கள்

2009-10 பருவம் முதல் 2024-25 வரை என்பிஏ-வின் உரிமம் பெற்று அட்டை அச்சிடும் தனியுரிமை இத்தாலியைத் தாயகமாகக் கொண்ட பனினியிடம் இருந்தது. 2025-26 பருவத்திலிருந்து அந்த உரிமம் டாப்ஸ் நிறுவனத்துக்குச் சென்றிருக்கிறது. 2022 ஜனவரியில் ஃபனாடிக்ஸ் நிறுவனம் டாப்ஸை வாங்கியதன் தொடர்ச்சி இது. கூப்பர் ஃபிளாக் முதலான அந்தப் பருவத்துப் புதியவர்களின் ரூக்கி அட்டைகள் டாப்ஸ் பெயரிலேயே வருகின்றன. இதை வெறும் வணிகச் செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டாப்ஸின் பளபளப்பான குரோம் தொகுப்பு, உரிமம் பனினிக்குக் கைமாறிய 2009-10க்குப் பிறகு உரிமம் பெற்ற என்பிஏ தொகுப்பாக வராமல் நின்றுபோனதால்தான், அந்த ஆண்டு ரூக்கியாக இருந்த ஸ்டெஃபன் கரியின் 101ஆம் எண் குரோம் அட்டை இன்றும் அவ்வளவு விரும்பப்படுகிறது.

ஒரே ஆண்டில் வெளிவரும் தொகுப்புகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. பனினி காலத்தில் ஹூப்ஸும் டான்ரஸ்ஸும் குறைந்த விலையில் கிடைத்தவை. பிரிஸ்ம், ஆப்டிக், செலக்ட் ஆகியவை நடுத்தட்டு. அவற்றுள் 2012-13இல் தொடங்கிய பிரிஸ்ம்தான் சந்தைக்கே அளவுகோலாக ஆனது. நேஷனல் ட்ரெஷர்ஸ், இம்மாகுலேட், ஃப்ளாலெஸ் ஆகியவை உயர்தட்டு. உயர்தட்டின் முன்னோடி அப்பர் டெக் நிறுவனம் 2003-04இல் வெளியிட்ட எக்ஸ்க்விசிட் தொகுப்பு. ஐந்து அட்டைகள் கொண்ட ஒரு பொதிக்கு 500 டாலர் என்று அப்போது அறிவித்தபோது பலர் வியந்தார்கள். அந்தத் தொகுப்பில் வந்த, சீருடைத் துண்டும் கையெழுத்தும் கொண்ட, 23 மட்டும் அச்சான லெப்ரான் ஜேம்ஸ் ரூக்கி அட்டை ஒன்று 2021இல் 52 இலட்சம் டாலருக்குக் கைமாறியது.

அதே எக்ஸ்க்விசிட் வரிசையின் 2007-08 தொகுப்பில் மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரின் கையெழுத்தும் சீருடைச் சின்னமும் கொண்ட அட்டை 2025 ஆகஸ்டில் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 29 இலட்சம் டாலருக்கு விற்று, அதுவரை எந்த விளையாட்டு அட்டையும் எட்டாத விலையை எட்டியது. சீருடையில் என்பிஏ சின்னம் தைக்கப்பட்ட துண்டைத்தான் சேகரிப்பாளர்கள் 'லோகோமேன்' என்கிறார்கள். ஒரு சீருடையில் அந்தச் சின்னம் ஒன்றே இருப்பதால், அதை வெட்டி வைத்த அட்டையின் அருமை இயல்பாக அமைந்தது. பிற அட்டைகளின் அருமையோ அச்சகம் தீர்மானித்தது. இந்த வேறுபாட்டை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

சீருடைத் துண்டு உள்ள எல்லா அட்டையும் அப்படி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்புறத்தில் இருக்கும் சிறு எழுத்து அறிவிப்பைப் பொறுமையாகப் படியுங்கள். ஆட்டத்தில் அணிந்த சீருடை என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு. ஆட்டக்காரர் புகைப்பட நிகழ்வில் சற்று நேரம் போட்டுக் கழற்றியது என்றால் அதைவிடக் குறைவு. எந்த ஆட்டத்தோடும் நிகழ்வோடும் தொடர்பில்லாத துணி என்று ஒளிவுமறைவின்றி அச்சிட்டிருந்தால் அது வெறும் துணி. கையெழுத்திலும் இப்படியே: அட்டையின் மீதே இட்ட கையெழுத்துக்கும், ஒளிபுகும் ஒட்டுத்தாளில் இட்டு அட்டையில் ஒட்டிய கையெழுத்துக்கும் சந்தை ஒரே விலை தருவதில்லை.

மூன்றாம் படி: எத்தனை இருக்கின்றன என்று கேட்பது

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் நிறுவனங்கள் அட்டைகளைக் கணக்கின்றி அச்சடித்துத் தள்ளின. அன்று பிள்ளைகளின் கல்விச் செலவுக்கு உதவும் என்று பெட்டி பெட்டியாகப் பத்திரப்படுத்தியவர்களிடம் அவை இன்றும் விலைபோகாமல் கிடக்கின்றன. நவீன காலத்தில் வரிசை எண்ணும் வண்ண வகைகளும் பெருகியது அந்தப் படிப்பினையின் விளைவே. ஆனால் சாதாரண அட்டையின் அச்சு எண்ணிக்கையை நிறுவனங்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. அதற்குக் கிடைக்கும் ஒரே நல்ல சான்று, அட்டையின் நிலையை ஆராய்ந்து மதிப்பெண் தரும், அதாவது தரமிடும் நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியல். எந்த அட்டைக்கு எந்தத் தரத்தில் எத்தனை சான்றுகள் வழங்கப்பட்டன என்பது அதில் இருக்கும். டான்சிச்சின் சாதாரண பிரிஸ்ம் அட்டை அங்கே பல்லாயிரக்கணக்கில் பதிவாகியிருப்பதைப் பார்த்த எவரும் அதை அரிய பொருள் என்று இன்னொரு முறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெளியான முதல் மாதத்தில் பத்தாக இருந்த எண்ணிக்கை ஓராண்டில் ஆயிரமாவது வழக்கம்.

வண்ணங்களில் திசைதடுமாற வேண்டாம். ஒரே தொகுப்பில் இருபது, முப்பது வகைகள் வருகின்றன. அவற்றில் பலவற்றை நினைவில் வைத்துத் தேடி வாங்குவோர் மிகச் சிலரே. வெள்ளி, தங்கம், கறுப்பு போன்ற நிலைத்த வகைகளுக்கே எப்போதும் ஆள் இருக்கிறது. பெயரே நினைவில் நிற்காத ஒரு வகை 75 மட்டுமே அச்சானது என்றாலும், அதைத் தேடும் எழுபத்தைந்து பேர் உலகில் இல்லையென்றால் அந்த அருமையால் பயனில்லை.

நான்காம் படி: ஆட்டக்காரர்

இந்தப் படியில் எழுதப் பலருக்கு நிறைய இருக்கும். எனக்குக் கொஞ்சமே இருக்கிறது, ஏனென்றால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி இதுதான். என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தெரிவில் 2019இல் முதலாவதாகத் தெரிவான சயோன் வில்லியம்சனின் ரூக்கி அட்டைகளுக்கு இருந்த வேட்கையைக் கண்டவர்கள், 2021-22 பருவம் முழுவதையும் அவர் காயத்தால் இழந்தபோது விலை சரிந்ததையும் கண்டார்கள். 2014 தெரிவில் 41ஆவதாக வந்த நிக்கோலா யோகிச்சின் அட்டைகளை அவருடைய முதல் ஆண்டில் பெரிதாக யாரும் தேடவில்லை. அவர் பின்னர் மூன்று முறை ஆண்டின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் ரூக்கி அட்டைகளில் கிளிப்பர்ஸ் அணியின் சீருடையில் இருக்கிறார்; அதே விருதும் கோப்பையும் அவருக்கு 2025இல் ஓக்லஹோமா அணியில் கிடைத்தன.

இவற்றிலிருந்து புதியவர் கைக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. விலை பெரும்பாலும் எதிர்பார்ப்பைத் தொடர்ந்து ஏறுகிறது. சாதனை நிகழும்போது அது ஏற்கெனவே விலைக்குள் வந்துவிட்டிருக்கும். எனவே ஒருவர் நாற்பது புள்ளி எடுத்த இரவில் அவருடைய அட்டையை வாங்குவது பெரும்பாலும் அதிக விலைக்கு வாங்குவதாகவே முடியும். பருவம் முடிந்து ஜூலை முதல் செப்டம்பர் வரை கூடைப்பந்து ஆர்வம் ஓய்ந்திருக்கும் மாதங்களே வாங்குவோருக்கு ஏற்றவை.

ஐந்தாம் படி: நிலையும் தரச்சான்றும்

அட்டையின் நிலை நான்கு கூறுகளால் அளக்கப்படுகிறது: படம் நடுவில் அமைந்திருத்தல், மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு. ஒற்றை விளக்கின் கீழ் அட்டையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். குரோம் வகை அட்டைகளில் நேராகப் பார்த்தால் தெரியாத மயிரிழைக் கீறல்களும், அச்சு உருளை விட்டுச்சென்ற கோடுகளும், ஊசிமுனை அளவுப் பள்ளங்களும் சாய்ந்த ஒளியில் தெரியவரும். பின்னர் இடப்பக்க ஓரத்தையும் வலப்பக்க ஓரத்தையும் ஒப்பிடுங்கள். தரமிடும் நிறுவனங்களுள் ஒன்றான பிஎஸ்ஏ, 10 என்ற முழுத் தரம் வழங்க முன்புறத்தில் 55-க்கு 45 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பொதியிலிருந்து நேராக எடுத்த புத்தம்புது அட்டையும் இதில் தவறுவது உண்டு. புதியது என்பதும் குறையற்றது என்பதும் வேறு வேறு.

பிஎஸ்ஏ, பிஜிஎஸ், எஸ்ஜிசி, சிஜிசி ஆகியவை இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட தரமிடும் நிறுவனங்கள். நவீன கூடைப்பந்து அட்டைகளில் மறுவிற்பனைக்கு பிஎஸ்ஏ 10 என்ற சான்றே பெரும்பாலும் நல்ல விலை பெறுகிறது. பிஜிஎஸ் நிறுவனம் நான்கு கூறுகளுக்கும் தனித்தனி மதிப்பெண் தருகிறது; நான்கிலும் 10 பெற்றால் கிடைக்கும் கறுப்புச் சீட்டு மிக அரிது, அதன் விலையும் தனி.

தரமிட அனுப்புவதற்குமுன் கணக்குப் போட்டுப் பார்ப்பது கட்டாயம். எடுத்துக்காட்டாக, தரமிடாத நிலையில் 40 டாலர் பெறும் ஓர் அட்டை, தரம் 10 கிடைத்தால் 120 டாலருக்கும், தரம் 9 கிடைத்தால் 45 டாலருக்கும் விற்கும் என்று வைத்துக்கொள்வோம். தரமிடும் கட்டணமும் அஞ்சல் செலவும் சேர்ந்து 30 டாலர் ஆனால், உங்கள் முதலீடு 70. விற்பனைத் தளம் சுமார் 13 விழுக்காடு பிடித்துக்கொண்ட பிறகு 10-க்குக் கையில் வருவது ஏறத்தாழ 104, ஆதாயம் 34. தரம் 9 என்றாலோ கையில் வருவது 39; இழப்பு 31. அதாவது இரண்டு அட்டை அனுப்பி ஒன்று 10 வாங்கினாலும் பல மாதக் காத்திருப்புக்குப் பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2021இல் எல்லாரும் எல்லாவற்றையும் அனுப்பியதால் குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ அந்த மார்ச்சில் தன் குறைந்த கட்டணச் சேவைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அன்று அனுப்பியவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டார்கள்.

ஆறாம் படி: உண்மை விலையைக் கண்டறிதல்

ஈபே தளத்தில் ஆண்டு, தொகுப்பு, பெயர், அட்டை எண், வகை, தரம் எல்லாவற்றையும் இட்டுத் தேடி, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். பேரம் பேசி முடிந்த விற்பனைகளில் ஈபே, கேட்ட விலையின் மீது கோடிட்டுக் காட்டுமே தவிர முடிந்த விலையைக் காட்டாது. அந்த முடிந்த விலையை அறிய 130பாயிண்ட் என்ற தளம் பயன்படுகிறது. கார்டு லேடர் போன்ற கட்டணத் தளங்கள் நீண்டகால விலைப்போக்கை வரைபடமாகத் தருகின்றன. தொடக்கத்தில் அவை தேவையில்லை.

ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அண்மைய ஐந்தாறு விற்பனைகளை எடுத்து, அவற்றில் தனித்து உயர்ந்து நிற்பதையும் தனித்துத் தாழ்ந்து நிற்பதையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பாருங்கள். ஏலத்தில் வென்றவர் பணம் கட்டாமல் போவதும், விற்பவரே வேறு பெயர்களில் ஏலம் கேட்டு விலையை ஏற்றுவதும் நடப்பவைதாம். தேதியையும் கட்டாயம் கவனியுங்கள். 1986-87 ஃப்ளியர் தொகுப்பின் 57ஆம் எண் மைக்கேல் ஜோர்டன் அட்டை, பிஎஸ்ஏ 10 தரத்தில், 2021 ஜனவரி இறுதியில் 7,38,000 டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டே அதே தரத்து அட்டைகள் இரண்டு இலட்சம் டாலர் அளவுக்கு இறங்கின. அட்டையும் ஆட்டக்காரரும் மாறவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டிருந்த பணமும் ஆர்வமும் வேறிடம் சென்றன. ஓராண்டுக்கு முந்தைய விலையைக் காட்டி இன்று விற்க வருபவரிடம் நீங்கள் சொல்லவேண்டிய பதில் இந்த எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது.

தங்க அட்டை, ஒன்றே ஒன்று அச்சான அட்டை போன்றவற்றுக்கு ஒப்பிடத்தக்க விற்பனையே கிடைக்காமல் போகலாம். அப்போது அதே ஆட்டக்காரரின் அடுத்த நிலை வகைகள் எவ்வளவுக்குப் போயின என்பதையும், அதே தரத்திலுள்ள வேறோர் ஆட்டக்காரரின் தங்க அட்டைக்கும் வெள்ளி அட்டைக்கும் இடையே உள்ள விகிதத்தையும் பார்த்து மதிப்பிட வேண்டியிருக்கும். இது பழகப் பழக வரும் பயிற்சி. முதல் ஆண்டில் இத்தகைய அட்டைகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஏழாம் படி: வாங்குதல்

முத்திரை உடைக்காத பெட்டிகளை வாங்கித் திறப்பதில் கிளர்ச்சி இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பொழுதுபோக்குச் செலவு, சேகரிப்பு முதலீடு அன்று. ஒரு பெட்டியிலிருந்து வரும் அட்டைகளின் மொத்த விலை பெரும்பாலும் பெட்டியின் விலையை எட்டாது. எட்டும் என்றிருந்தால் விற்பவர்களே திறந்திருப்பார்கள். அந்தப் பணத்துக்கு விரும்பிய ஆட்டக்காரரின் ஒரே ஒரு நல்ல அட்டையைத் தெரிந்தெடுத்து வாங்குவது எவ்வளவோ மேல். சில்லறையாக விற்கும் தனிப் பொதிகளில் ஏற்கெனவே பிரித்து மறுபடி ஒட்டியவையும் கலந்திருப்பதால் அறிமுகமில்லாதவரிடம் அவற்றை வாங்கவே கூடாது.

தரச்சான்று பெற்ற அட்டை என்றால், தரமிட்ட நிறுவனம் அட்டையை வைத்து மூடிய பிளாஸ்டிக் பேழையின் சீட்டில் உள்ள சான்று எண்ணைத் தரமிட்ட நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்கே உள்ள விவரமும் படமும் கையிலுள்ள அட்டையோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். உண்மையான எண்ணைப் போலிப் பேழையில் ஒட்டி விற்பவர்களும் இருப்பதால், எண் மட்டும் பொருந்துவது போதாது. மூலை முனைகளையும் நடுவமைப்பையும் படத்தோடு ஒப்பிட வேண்டும். தரமிடாத விலையுயர்ந்த அட்டைகளில் விளிம்பைச் சீவிக் கூர்மையாக்கும் ஏமாற்று உண்டு. இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்ட அதே தொகுப்பின் வேறோர் அட்டையோடு அடுக்கிப் பார்த்தால் அளவுக் குறைவு தெரிந்துவிடும்.

அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்கள் அட்டை விலையோடு அஞ்சல் செலவையும் தங்கள் நாட்டின் சுங்கவரியையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும். பல சிறு கொள்முதல்களைவிட ஒரே பொதியாகச் சேர்த்து வரவழைப்பது பெரும்பாலும் மலிவு.

எட்டாம் படி: பாதுகாத்தல், அனுப்புதல்

அட்டையை முதலில் மெல்லிய உறையில் இட்டு, அதன் பிறகே டாப்லோடர் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் செருக வேண்டும்; உறையின்றிச் செருகினால் குரோம் மேற்பரப்பில் கீறல் விழும். சீருடைத் துண்டு உள்ள தடித்த அட்டைகளுக்கு அவற்றின் தடிமனுக்கேற்ற டாப்லோடரைக் கேட்டு வாங்குங்கள். தரமிட அனுப்பும்போது மட்டும் கெட்டியான டாப்லோடருக்குப் பதிலாக வளையும் தன்மையுள்ள உறையைப் பயன்படுத்த வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டிவைத்த கையெழுத்து மங்கிப்போகும். ஈரப்பதம் மிகுந்த ஊரில் பளபளப்புத்தாள் அட்டைகள் வில்லாக வளையும் என்பதால், மூடிய பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு அவ்வப்போது மாற்றிவருவது நலம்.

விற்று அனுப்பும்போது டாப்லோடரின் வாயை எளிதில் உரியும் ஒட்டுநாடாவால் மூடி, இரு கெட்டி அட்டைத்தாள்களுக்கு நடுவே வைத்து, குமிழ் உறையில் இட்டு, கண்காணிப்பு எண்ணுடன் அனுப்புங்கள். வாங்கிய தேதி, விலை, அஞ்சல், வரி, தரமிட்ட கட்டணம், விற்ற தொகை ஆகிய ஆறையும் ஒரு கணக்கேட்டில் குறித்து வாருங்கள். அனுப்புவதற்குமுன் அட்டையின் இருபுறத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டால், வாங்கியவர் வேறோர் அட்டையைத் திருப்பி அனுப்பிப் பணம் கேட்கும் வழக்குகளில் அந்தப் படமே உங்கள் சான்றாகும்.